டேட்டா சென்டர் ஓவர்லே தரநிலைகள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பூர் பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் சர்வர் அறையைக் கவனித்துக்கொள்பவர்கள் எனப் பலரிடமிருந்தும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதல் சில பதில்களைப் படித்துவிட்டுப் பின்னால் போனால் புரிவது எளிது. சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. வி-லேன் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எதுக்குங்க விஎக்ஸ்-லேன்?

ஒரே சுவிட்ச் வலையைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது வி-லேன். அதன் எண்ணுக்கு 12 பிட் இடம்தான். 4,096 எண்களில் முதலும் கடைசியும் போக 4,094 மிஞ்சும். ஒரு நூற்பாலைக்கோ கல்லூரிக்கோ அது ஆயுசுக்கும் போதும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் டேட்டா சென்டருக்குத்தான் போதாது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஒரு விர்ச்சுவல் மெஷினை ஐபி மாறாமல் வேறு ரேக்குக்கு நகர்த்த வேண்டுமென்றால் அந்த வி-லேன் வழியிலுள்ள எல்லாச் சுவிட்சுகளிலும் இருக்க வேண்டும். எல்லாச் சுவிட்சும் எல்லா மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மனப்பாடம் செய்ய வேண்டும். சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பாதி லிங்க்குகளை மூடி வைக்கும்.

விஎக்ஸ்-லேன் ஒரு ஓவர்லே, அதாவது இருக்கும் வலையின்மேல் ஓடும் இன்னொரு வலை. இந்த முறையில் விர்ச்சுவல் மெஷின் அனுப்பும் ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறோம். கட்டுவதும் பிரிப்பதும் இரு முனைகளின் வேலை. அந்த முனைக்கு விடெப் என்று பெயர். நடுவிலுள்ள சுவிட்சுகள் வெளி ஐபியை மட்டும் பார்த்துச் சாதாரண ரவுட்டிங் செய்தால் போதும். அந்த நடுப்பகுதிதான் அண்டர்லே. வலையின் எண்ணான விஎன்ஐக்கு 24 பிட், அதாவது 1,67,77,216 எண்கள். இரண்டு சுவிட்சும் நாலு சர்வரும் உள்ள இடத்துக்கு வி-லேனே போதும், இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

2. விஎக்ஸ்-லேன், என்விஜிஆர்இ, எஸ்டிடி, ஜெனீவ்னு இத்தனை எதுக்கு? ஒண்ணு போதாதா?

ஒவ்வொன்றும் அதை எழுதியவர்கள் கையிலிருந்த வன்பொருளுக்கு ஏற்பப் பிறந்தது. விஎக்ஸ்-லேன் வரைவு 2011 ஆகஸ்டில் வந்தது. விஎம்வேர், சிஸ்கோ, அரிஸ்டா, பிராட்காம் ஆகியவை அதில் முன்னின்றன. வெளியே யுடிபி இருப்பதால் பழைய சுவிட்சுகளும் போர்ட் எண்ணைப் பார்த்து டிராஃபிக்கைப் பல லிங்க்குகளில் பிரித்துவிடும். உள்ளே இருக்கும் உரையாடலைக் கொண்டு ஒரு ஹாஷ் (சுருக்க எண்) எடுத்து, வெளிப் பாக்கெட்டின் சோர்ஸ் போர்ட்டாக வைக்கிறார்கள். 49152 முதல் 65535 வரையிலான எண்கள் பரிந்துரை. சிறிய வேலைதான், ஆனால் விஎக்ஸ்-லேன் பரவியதற்கு இது பெரிய காரணம்.

அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் முன்னின்ற என்விஜிஆர்இ வரைவு வந்தது. ஏற்கெனவே இருந்த ஜிஆர்இ டனல் ஹெடரின் கீ இடத்தில் 24 பிட் வலை எண்ணும் 8 பிட் ஃப்ளோ எண்ணும் வைத்தார்கள். ஜிஆர்இக்குப் போர்ட் எண் கிடையாது. அந்தக் கீயைப் படித்து ஹாஷ் எடுக்கத் தெரியாத சுவிட்சில் இரு சர்வர்களுக்கு இடையிலான டிராஃபிக் முழுதும் ஒரே லிங்க்கில் நெரிந்தது.

நிசிரா நிறுவனத்தின் எஸ்டிடி வேறு வழியில் போனது. நெட்வொர்க் கார்டில் ஏற்கெனவே உள்ள டிசிபி துண்டாக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டி, டிசிபி போலத் தோன்றும் ஹெடரைப் போட்டது. வேகம் கிடைத்தது. ஆனால் கைகுலுக்கல் இல்லாமல் வரும் அந்த டிசிபியை நடுவிலுள்ள ஃபயர்வால்கள் தூக்கி எறிந்தன. அந்த வரைவு ஆர்எஃப்சி (எண்ணிட்ட இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) ஆகாமலே காலாவதியானது. ஜெனீவ் பற்றி 12ஆம் கேள்வியில் சொல்கிறோம்.

3. விஎக்ஸ்-லேன் தரநிலையா இல்லையா? ஒருத்தர் ஆமாங்கறாரு, ஒருத்தர் இல்லைங்கறாரு.

ஆர்எஃப்சி என்ற எண் வந்துவிட்டாலே தரநிலை ஆகிவிடாது, குழப்பம் அங்குதான். 2014 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 7348தான் விஎக்ஸ்-லேன். அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள்: சுயாதீனச் சமர்ப்பிப்பு, வகை ‘தகவலுக்கு’. என்விஜிஆர்இயின் ஆர்எஃப்சி 7637 (2015 செப்டம்பர்) கூட அப்படியே. ‘நாங்கள் இப்படிச் செய்திருக்கிறோம், தெரிந்துகொள்ளுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். இன்டர்நெட் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் கூடி ஒப்புக்கொண்ட ஆவணம் அல்ல. 2020 நவம்பரில் வந்த ஜெனீவின் ஆர்எஃப்சி 8926 தரநிலைப் பாதையில் ‘முன்மொழியப்பட்ட தரநிலை’.

ஆனால் விஎக்ஸ்-லேனை ஈவிபிஎன்னோடு (எந்த முகவரி எந்த விடெப்பில் என்று சொல்லும் முறை, 9ஆம் பதில்) சேர்த்து ஓட்டுவது எப்படி என்று சொல்லும் ஆர்எஃப்சி 8365 (2018 மார்ச்) தரநிலைப் பாதையில்தான் இருக்கிறது. ஆக, உறை தகவலுக்கு, அதை ஓட்டும் முறை தரநிலை. வகைப் பெயரை மட்டும் வைத்து ஒன்றை மட்டமாக நினைக்கவும் கூடாது. இன்டர்நெட் முழுவதையும் தாங்கும் ரவுட்டிங் நெறிமுறையான பிஜிபியின் ஆர்எஃப்சி 4271, 2006 முதல் ‘வரைவுத் தரநிலை’ என்ற படியிலேயே நிற்கிறது. அந்தப் படியையே 2011இல் எடுத்துவிட்டார்கள்.

4. இந்த ஆர்எஃப்சிய யாருங்க எழுதறது? கவர்மென்ட்டா? நம்ம ஊர்ல இருந்து யாராவது கலந்துக்க முடியுமா?

அரசு இல்லை. ஐஇடிஎஃப் என்ற திறந்த அமைப்பு. உறுப்பினர் அட்டை கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரைவு எழுதிப் போடலாம். ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி. ஒரு பணிக்குழு அதை ஏற்றுக்கொண்டால் விவாதம், பிறகு இறுதி அழைப்பு, மேற்பார்வைக் குழுவின் ஆய்வு, கடைசியில் பதிப்பாசிரியர். டேட்டா சென்டர் ஓவர்லேக்கென்று 2012இல் அமைந்த பணிக்குழுவின் பெயர் என்விஓ3. பிரச்சினை என்ன என்பதை ஆர்எஃப்சி 7364இலும், சட்டகத்தை 7365இலும் (இரண்டும் 2014 அக்டோபர்), கட்டமைப்பை 8014இலும் (2016 டிசம்பர்) எழுதியது அந்தக் குழுதான். புதிதாக வருபவர்கள் 7365இலிருந்து தொடங்கினால் சொற்கள் பிடிபடும்.

‘ஏறக்குறைய ஒருமித்த கருத்தும் ஓடுகிற நிரலும்’ என்று டேவிட் கிளார்க் 1992இல் சொன்னதுதான் அங்கே இன்றும் அளவுகோல். மின்னஞ்சல் பட்டியலில் சேரக் கட்டணம் இல்லை. ஐந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டே சேரலாம். ஒரு நிபந்தனை மட்டும் கவனம்: நீங்கள் முன்வைக்கும் யோசனையில் உங்களுக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ காப்புரிமை இருப்பது தெரிந்தால் சொல்லியாக வேண்டும். வெளிவந்த ஆர்எஃப்சியில் பிழை கண்டால் பிழைத்திருத்தக் குறிப்பு அனுப்பலாம். மாணவர்களுக்கு நல்ல தொடக்கம் அதுவே.

5. ஈதர்நெட்டுக்கு ஐட்ரிபிள்ஈ தானே? ஐஇடிஎஃப் எதுக்கு நடுவுல வருது?

உள்ளே இருக்கும் ஃபிரேம், ஈதர்நெட் தரநிலைகளை எழுதும் ஐட்ரிபிள்ஈயுடையது, வெளியே கட்டும் ஐபி உறை ஐஇடிஎஃப் உடையது. ஈதர்நெட்டுக்குள்ளேயே தீர்க்கும் முயற்சியும் நடந்தது: ஐட்ரிபிள்ஈ 802.1ஏக்யூ, ஐஇடிஎஃப் பக்கத்திலிருந்து டிரில். இரண்டுக்கும் வழியிலுள்ள சுவிட்சுகளை மாற்ற வேண்டியிருந்தது. ஐபி உறைக்கு அந்தத் தேவை இல்லை.

6. 50 பைட் சேருதுங்கறாங்க, சிலர் 54, சிலர் 70. எதுங்க சரி?

எல்லாமே சரி, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. எம்டியு (ஒரு லிங்க்கில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு) கணக்குக்கு வெளி ஐபி ஹெடரிலிருந்து எண்ணுங்கள்: ஐபிவி4 ஹெடர் 20, யுடிபி 8, விஎக்ஸ்-லேன் 8, உள்ளேயுள்ள ஈதர்நெட் ஹெடர் 14. கூட்டினால் 50. உள்ளே வி-லேன் டேகும் சேர்ந்து பயணித்தால் 4 கூடி 54. வெளியே ஐபிவி6 என்றால் ஹெடர் 40 ஆகி மொத்தம் 70. என்விஜிஆர்இக்கு 42. ஜெனீவுக்கு அடிப்படை அதே 50. அதன்மேல் விருப்பப் புலங்கள் 252 பைட் வரை வரலாம்.

எனவே விர்ச்சுவல் மெஷினில் 1,500 வைக்க வேண்டுமானால் அண்டர்லேயில் குறைந்தது 1,550 வேண்டும். நடைமுறையில் 1,600க்குக் குறையாமல் வையுங்கள். டேட்டா சென்டர் சுவிட்ச் என்றால் ஒரேயடியாக 9,216 வைத்துவிடுவது நல்லது. உள்ளே 9,000 ஓடினாலும் 9,050 அடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: சில சுவிட்சுகளில் எம்டியு என்பது ஐபி பாக்கெட்டின் அளவு, சிலவற்றில் ஈதர்நெட் ஹெடரையும் சேர்த்த அளவு. இரண்டு கம்பெனிப் பெட்டிகளில் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓமலூர் ரோட்டில் எவ்வளவு நீள லாரியும் ஓடும். ஒரே ஒரு வளைவில் திரும்பவில்லை என்றால் சரக்கு மேலே போகாது. எம்டியுவும் அப்படித்தான். பாதையில் எங்கோ ஒரே ஒரு போர்ட் 1,500இல் நின்றால், மற்ற எல்லாம் 9,216 ஆக இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் விட்டுப்போவது சர்வரின் நெட்வொர்க் கார்டு.

7. எம்டியு தப்புன்னா எப்படிங்க தெரியும்? பிங் போகுதே.

சாதாரண பிங் சிறிய பாக்கெட், அது எப்போதும் போகும். எம்டியு தவறின் முகம் வேறு: எஸ்எஸ்ஹெச் உள்ளே நுழையும், நீளமான கோப்பைக் காட்டச் சொன்னால் அப்படியே உறையும். இணையப் பக்கம் தலைப்பு வரை வந்து நின்றுவிடும். டேட்டாபேஸில் சிறிய கேள்விக்குப் பதில் வரும், பெரிய கேள்விக்கு வராது.

சோதிக்கும் வழி: ஒரு விடெப்பிலிருந்து மறு விடெப்பின் ஐபிக்குத் துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் 1,522 பைட் பிங் அனுப்புங்கள். ஐபியும் ஐசிஎம்பியும் சேர்ந்து 28 கூடி 1,550 ஆகும். போனால் அண்டர்லே சரி. பிறகு விர்ச்சுவல் மெஷின்களுக்கு இடையே 1,472 அனுப்புங்கள். அண்டர்லேயை உயர்த்தவே முடியாத நிலையில் உள்ளே 1,450 ஆகக் குறைத்து, டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் அளவு) 1,410 என வையுங்கள். ‘துண்டாக்கிக்கொள்ளட்டுமே’ என்று விடக் கூடாது: விடெப் துண்டாக்கவே கூடாது என்கிறது ஆர்எஃப்சி 7348, வழியில் யாராவது துண்டாக்கினாலும், பெறும் விடெப் அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடலாம் என்றும் அனுமதிக்கிறது. சத்தமில்லாமல் என்பதால்தான் எந்த லாகிலும் ஒரு வரிகூட வராமல் நாள் முழுக்க அலைக்கழிக்கும்.

8. ரெண்டு பக்கமும் விஎக்ஸ்-லேன்தான், விஎன்ஐயும் ஒண்ணுதான். ஆனா பேசவே மாட்டேங்குது.

முதலில் யுடிபி போர்ட்டைப் பாருங்கள். அதிகாரபூர்வ எண் 4789. அது 2013இல்தான் ஒதுக்கப்பட்டது. லினக்ஸ் கெர்னலில் விஎக்ஸ்-லேன் அதற்கு முன்பே, 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் நுழைந்துவிட்டது. அப்போது வைத்த 8472 இன்றும் கெர்னலின் இயல்பு எண். பழைய அமைப்புகள் உடைந்துவிடக் கூடாது என்று மாற்றவில்லை. லினக்ஸில் போர்ட்டைக் குறிப்பிடாமல் இடைமுகம் உருவாக்கினால் 8472இல் பேசும், சுவிட்ச் 4789இல் காத்திருக்கும். கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நெடிஸில் பயன்படும் ஃபிளானலும் லினக்ஸில் 8472தான். பாக்கெட் பிடித்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜெனீவ் 6081. இந்த எண்களை ஃபயர்வால் அனுமதிப் பட்டியலிலும் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

9. ஹெடர் ஒண்ணாயிட்டா எந்தக் கம்பெனி சுவிட்ச்சும் எதோட வேணா ஓடிரும்தானே?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஹெடர், தபால் உறை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எந்த மேக் எந்த விடெப்புக்குப் பின்னால் இருக்கிறது என்ற முகவரிப் புத்தகத்தை அது தருவதில்லை. ஆர்எஃப்சி 7348 சொல்லும் வழி வெள்ளம் விட்டுக் கற்பது: தெரியாத மேக்குக்கு வரும் ஃபிரேமை ஒரு மல்டிகாஸ்ட் குழுவுக்கு (ஒரு பிரதி பலருக்கும் போகும்) அனுப்பு, பதில் வரும் திசையைக் குறித்துக்கொள். இது ஓடும், ஆனால் வலை பெரிதானால் வெள்ளமும் பெரிதாகும்.

அதனால்தான் முகவரிப் புத்தகத்தை பிஜிபி வழியே பரிமாறும் ஈவிபிஎன் நிலைபெற்றது. அடிப்படை ஆர்எஃப்சி 7432 (2015 பிப்ரவரி), லேபிள் வைத்துப் பாக்கெட்டை அனுப்பும் எம்பிஎல்எஸ்சுக்காக எழுதியது. ஓவர்லேக்குப் பொருத்தியது 3ஆம் பதிலில் சொன்ன 8365. ரூட் (பிஜிபி அனுப்பும் அறிவிப்பு) வகைகளில் தினமும் பார்ப்பவை மூன்று: வகை 2 மேக்கும் ஐபியும், வகை 3 பிராட்காஸ்ட் யாருக்கெல்லாம் போக வேண்டும் என்ற பட்டியல், வகை 5 ஐபி பிரிஃபிக்ஸ் (ஆர்எஃப்சி 9136). இரண்டு கம்பெனிப் பெட்டிகளும் ஒரே ரூட் வகைகளை, ஒரே முறையில் படித்தால்தான் சேர்ந்து ஓடும். ஒருவர் வி-லேனுக்கு ஒரு ஈவிஐ (தனி ஈவிபிஎன் வலை) வைப்பார், இன்னொருவர் பல வி-லேன்களை ஒரே ஈவிஐயில் கட்டுவார். ஈதர்நெட் டேக் எண் ஒருவரிடம் 0, மற்றவரிடம் வேறு. ரவுட்டிங்கில் ஒருவர் சமச்சீர் (இரு முனை விடெப்பும் ரவுட்டிங் செய்யும்), ஒருவர் சமச்சீரற்ற முறை (அனுப்பும் விடெப் மட்டும் செய்யும்). இரண்டையும் ஆர்எஃப்சி 9135 விவரிக்கிறது, இரண்டுமே சரியானவை, ஆனால் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தாது.

10. ஈவிபிஎன் நெய்பர் எழுந்து நிக்குது, ஆனா மேக் ஒண்ணுகூட வரலைங்க.

பெரும்பாலும் ரூட் டார்கெட் (இது எந்த வலைக்குரிய ரூட் என்ற குறி) பொருந்தாததுதான். ரூட் டார்கெட்டைத் தானாக உருவாக்கு என்று விட்டால் பல பெட்டிகள் தங்கள் ஏஎஸ் எண்ணையும் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் எண்) விஎன்ஐயையும் சேர்த்துப் போடும். ஒவ்வொரு லீஃபுக்கும் (சர்வர்கள் கட்டியுள்ள சுவிட்ச்) தனி ஏஎஸ் வைக்கும் வடிவமைப்பில் ஒருவர் 65001:10100 என்று அனுப்புவார், மற்றவர் 65002:10100 என்பதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். 8365 சொல்லும் தானியங்கி வடிவம் இன்னொரு மாதிரி, அதில் வி-லேனா விஎக்ஸ்-லேனா என்ற குறியும் சேரும். கலப்பு நெட்வொர்க்கில் தானியங்கியை நம்பாமல் 65000:10100 என்று இரு பக்கமும் கையால் எழுதுங்கள். ஏஎஸ் எண் நான்கு பைட் என்றால் இது இன்னும் கட்டாயம். தானியங்கி வடிவத்தில் அதற்கு இடமே இல்லை.

அடுத்து, லீஃப்களை இணைக்கும் ஸ்பைன் சுவிட்சைப் பாருங்கள். மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். நீட்டிக்கப்பட்ட கம்யூனிட்டியை அனுப்பச் சொல்லாததால் ரூட் டார்கெட் வழியிலேயே உதிர்ந்துவிடும். தன்னிடம் விஎன்ஐ இல்லை என்று ஸ்பைன் ரூட்டையே எறிந்துவிடும்; எல்லா டார்கெட்டையும் வைத்திரு என்று தனியே சொல்ல வேண்டும். ஈபிஜிபி (வெவ்வேறு ஏஎஸ்களுக்கு இடையிலான பிஜிபி) என்றால் நெக்ஸ்ட் ஹாப்பைத் தன் முகவரியாக மாற்றிவிடும். அப்போது மேக் வரும், டனல் மட்டும் விடெப்பே இல்லாத ஸ்பைனை நோக்கிப் போகும்.

லேபிள் எண்ணைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். விஎன்ஐ 10100 வைத்திருக்க, பிஜிபி வெளியீட்டில் 631 என்று தெரிகிறதா? அந்த 24 பிட் இடத்தை எம்பிஎல்எஸ் பழக்கத்தில் மேல் 20 பிட்டாகக் காட்டும் கருவி அது. 16ஆல் வகுத்த எண், கோளாறு இல்லை.

11. அண்டர்லேயில மல்டிகாஸ்ட் கட்டாயம் வேணுங்களா?

வேண்டாம். ஈவிபிஎன் வகை 3 ரூட் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவதால், அனுப்பும் விடெப்பே ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பலாம். சில பத்து லீஃப் வரை இதுவே எளிது. நூற்றுக்கணக்கில் போகும்போதோ, பிராட்காஸ்ட் மிகுந்த கேமரா டிராஃபிக் இருந்தாலோ மல்டிகாஸ்ட்டை யோசிக்கலாம்.

12. ஜெனீவ்தான் வந்துருச்சே, விஎக்ஸ்-லேனைத் தூக்கிப் போட்டுரலாமா?

என்விஓ3 குழுவின் முன் மூன்று வேட்பாளர்கள் இருந்தார்கள்: ஜெனீவ், ஜியுஇ, விஎக்ஸ்-லேன் ஜிபிஇ. வடிவமைப்புக் குழு ஒன்றை வைத்து அலசி ஜெனீவைத் தேர்ந்தார்கள். அதன் காரணங்கள் 2024இல் வந்த ஆர்எஃப்சி 9638இல் இருக்கின்றன. முதல் வரைவு 2014, ஆர்எஃப்சி 2020. ஆறு ஆண்டு விவாதத்தில் மையமாக நின்றது விரிவாக்கம்தான்: நாளை புதிதாக ஒரு தகவலைப் பாக்கெட்டோடு அனுப்ப வேண்டுமானால் எங்கே வைப்பது? ஜெனீவ் நீளம் மாறும் விருப்பப் புலங்களை வைத்தது. ஒவ்வொன்றுக்கும் வகுப்பு, வகை, நீளம் உண்டு. வகையின் முதல் பிட் 1 என்றால் அது ‘இன்றியமையாதது’. புரியாத முனை அந்தப் பாக்கெட்டை எறிந்துவிட வேண்டும்.

சாஃப்ட்வேரில் ஓடும் விடெப்புக்கு இது வரம். மென்பொருள் நெட்வொர்க் அமைப்புகளான ஓவிஎன், விஎம்வேர் என்எஸ்எக்ஸ் ஆகியவை ஜெனீவைப் பயன்படுத்துகின்றன. அமேசானின் கேட்வே லோட் பேலன்சரும் பாக்கெட்டுகளை ஜெனீவில் கட்டித்தான் ஃபயர்வால்களுக்கு அனுப்புகிறது. சுவிட்ச் சிப்புக்கோ மாறும் நீளம் தொல்லை. குறிப்பிட்ட ஆழம் வரைதான் அது படிக்கும். அதனால் ரேக் சுவிட்சுகளில் விஎக்ஸ்-லேனும் ஈவிபிஎன்னும், சர்வருக்குள் ஜெனீவும் என்பது நல்ல பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் விஎக்ஸ்-லேனை ஜெனீவுக்காக மட்டும் பிரிக்க வேண்டாம். விருப்பப் புலம் தேவைப்படும் நாளில் யோசியுங்கள்.

13. விஎக்ஸ்-லேன் ஹெடர்ல நிறைய பிட் சும்மாதானே கெடக்கு? நாமளே எடுத்துக்கிட்டா என்னங்க?

எட்டு பைட் ஹெடரில் ஒரே ஒரு கொடிக்கும் விஎன்ஐக்கும்தான் அர்த்தம் உண்டு. மற்றவற்றை அனுப்பும்போது பூஜ்யம் வை, பெறும்போது கண்டுகொள்ளாதே என்கிறது ஆர்எஃப்சி. ‘கண்டுகொள்ளாதே’ என்ற அந்தச் சொல்லை நிதானமாக யோசியுங்கள். உள்ளே ஈதர்நெட் இல்லை, நேரடியாக ஐபி இருக்கிறது என்று ஒரு புதுக் கொடியால் சொன்னால், பழைய பெட்டி அந்தக் கொடியைப் பார்க்காமலே ஐபியை ஈதர்நெட் என்று படித்துக் குப்பையாக்கும். விஎக்ஸ்-லேன் ஜிபிஇ தனியே 4790 போர்ட் வாங்கியது இதற்காகத்தான்.

பழைய பெட்டி கண்டுகொள்ளாமல் விட்டாலும் கெடாத தகவலுக்கு மட்டும் இந்த பிட்டுகள் உதவும். பயனர் குழு எண்ணை அப்படி வைக்கும் வழக்கம் உண்டு, லினக்ஸும் ஆதரிக்கிறது. ஆனால் இரண்டு கம்பெனிகள் ஒரே பிட்டுக்கு வேறு அர்த்தம் வைத்தால் கேட்க யாருமில்லை.

14. தனித்தனி நெட்வொர்க்னு பிரிச்சாச்சே, பாதுகாப்பா இருக்கும்தானே?

பிரிப்பு வேறு, பூட்டு வேறு. விஎக்ஸ்-லேனில் மறையாக்கமும் இல்லை, அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பும் இல்லை. அண்டர்லேயில் எங்கிருந்தாவது 4789க்கு ஒரு பாக்கெட் அனுப்ப முடிகிறவர், எந்த விஎன்ஐக்குள்ளும் ஃபிரேமை நுழைத்துவிடலாம். விடெப் ஐபிகள் அல்லாத எங்கிருந்தும் அந்தப் போர்ட்டுக்கு வருவதை ஓரச் சுவிட்சிலேயே தடுங்கள். விடெப் முகவரிகளை விர்ச்சுவல் மெஷின்களுக்குத் தெரியாத தனி விஆர்எஃபில் (தனி ரவுட்டிங் அட்டவணை) வையுங்கள். கட்டடத்தை விட்டு வெளியே போகும் லிங்க்கில் மேக்செக் அல்லது ஐபிசெக் மறையாக்கம் கட்டாயம்.

15. சேலத்துல ஒரு சர்வர் ரூம், ஏற்காட்டுல பேக்கப் ரூம். ரெண்டையும் ஒரே லேயர் 2 ஆக்கிரலாமா?

தொழில்நுட்பம் விடும். சுமார் 30 கிலோமீட்டர் ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி வீதம் போய்வர 0.3 மில்லி விநாடிதான். தாமதம் பொருட்டே அல்ல. தடுப்பது வேறு இரண்டு. முதலாவது எம்டியு: டார்க் ஃபைபர் (நாமே கருவி வைத்து ஓட்டும் வெறும் இழை) என்றால் கவலையில்லை. சாதாரண பிராட்பேண்டில் இணைப்புக்கான பிபிபிஓஇ ஹெடர் போக 1,492தான் மிஞ்சும், உள்ளே 1,442. அதன்மேல் ஐபிசெக் போட்டால் இன்னும் 60 முதல் 80 பைட் போகும். உள்ளே 1,350 என்று வைப்பது நல்லது.

இரண்டாவது, லிங்க் அறுபடும் நாள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் ரோட்டோர ஃபைபரும் சேர்ந்து போகும். ஒரே லேயர் 2 ஆக இருந்தால் இரு பக்கமும் தானே முதன்மை என்று நினைக்கும். இரண்டிலும் எழுதப்பட்ட டேட்டாபேஸைப் பிறகு ஒட்ட முடியாது. அதனால் இரு இடத்துக்கும் தனித்தனி சப்நெட் வைத்து வகை 5 ரூட்டால் இணையுங்கள். கட்டாயம் நீட்டித்தே ஆக வேண்டிய ஓரிரு வி-லேன்களை மட்டும் நீட்டுங்கள். இரண்டாம் ஃபைபர் எடுத்தால் அது குப்பனூர் வழியாகப் போகட்டும். ஒரே மலைப்பாதையில் இரண்டு கேபிள் இழுப்பது ஒரு கேபிளுக்குச் சமம்.

16. டெண்டர்ல ‘தரநிலைப்படி இருக்க வேண்டும்’னு எழுதினாப் போதுமா?

போதாது. அந்த வரிக்கு எல்லோரும் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிடுவார்கள். எண்ணோடு எழுதுங்கள்: ஆர்எஃப்சி 7348, 7432, 8365, வகை 2, 3, 5 ரூட்டுகள், 9135இன் சமச்சீர் முறை, இரட்டை இணைப்பு வேண்டுமானால் வகை 1, 4 ரூட்டுகள். கூடவே அளவுகளையும் கேளுங்கள்: எத்தனை விடெப், எத்தனை விஎன்ஐ, எத்தனை மேக், எல்லாம் ஒரே நேரத்தில். தனித்தனியே சொன்ன உச்ச எண்கள் சேர்ந்து வராது.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் உங்களிடம் ஏற்கெனவே உள்ள பெட்டியோடு சேர்த்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 7, 10ஆம் பதில்களில் உள்ள சோதனைகளையே ஏற்புச் சோதனையாக வைக்கலாம்.

17. வீட்ல வன்பொருள் இல்லாம இதைப் பழக முடியுங்களா?

முடியும். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் லினக்ஸ், எஃப்ஆர்ஆர் (ரவுட்டிங் மென்பொருள்), கன்டெய்னர்லேப் (மாதிரி நெட்வொர்க் கட்டும் கருவி) போதும். ஒரு ஸ்பைன், இரண்டு லீஃப், இரண்டு ஹோஸ்ட். முதலில் ஈவிபிஎன் இல்லாமல் விஎக்ஸ்-லேன் இடைமுகத்தைக் கையால் கட்டி 4789 கொடுங்கள், பாக்கெட் பிடித்து 50 பைட்டைக் கண்ணால் எண்ணுங்கள். பிறகு ஈவிபிஎன் சேர்த்து, இடைமுகத்தில் மேக் கற்பதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வெள்ளமும் பிஜிபியும் ஒன்றையொன்று மறைத்து எது வேலை செய்கிறது என்றே தெரியாது. கடைசியில் வேண்டுமென்றே ரூட் டார்கெட்டையும் எம்டியுவையும் கெடுத்துப் பாருங்கள். கெடுத்துப் பார்த்தவருக்குத்தான் நள்ளிரவு அழைப்பில் கை நடுங்காது.

18. ஒரு சர்வரை ரெண்டு லீஃப்ல கட்டியிருக்கோம். பிராட்காஸ்ட் ரெண்டு தடவை வருது, சில சமயம் அனுப்புனவனுக்கே திரும்ப வருது. ஏனுங்க?

இரண்டும் வேறு வேறு நோய். இரண்டு தடவை வந்தால், பிராட்காஸ்ட்டைச் சர்வருக்குக் கொடுக்கத் தானே பொறுப்பாளர் என்று இரு லீஃபும் நினைக்கின்றன. யார் பொறுப்பு என்பதை வகை 4 ரூட் பார்த்துத் தீர்மானிப்பார்கள். 10 பைட் நீளமுள்ள ஈஎஸ்ஐ எண்ணில் (அந்த இரட்டை இணைப்பின் அடையாளம்) ஒரு இலக்கம் மாறினாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், இருவருமே பொறுப்பாளர் ஆகிவிடுவார்கள். முதலில் அந்த எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேர்வு முறை மாறியிருப்பது அவ்வளவு ஆபத்தில்லை. ஆர்எஃப்சி 8584ஐப் பின்பற்றும் பெட்டிகள், எதிரில் உள்ளது வேறு முறை என்றால் 7432இன் இயல்பு முறைக்குத் திரும்பிவிடும்.

அனுப்பியவருக்கே திரும்பினால் அது பிளவு எல்லைச் (வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி) சிக்கல். எம்பிஎல்எஸ்சில் எந்த ஈஎஸ்ஐயிலிருந்து வந்தது என்று ஒரு லேபிளில் எழுதி அனுப்பலாம். 13ஆம் பதிலில் பார்த்த விஎக்ஸ்-லேன் ஹெடரில் அதற்கு இடமில்லை. அதனால் 8365 உள்ளூர் முன்னுரிமை என்ற வழியைச் சொல்கிறது: முதலில் வாங்கிய லீஃப் தன்னிடம் கட்டியுள்ள எல்லோருக்கும் தானே கொடுத்துவிடும், மறு லீஃப் டனலின் சோர்ஸ் ஐபியைப் பார்த்து, ‘இவரும் நானும் பகிரும் சர்வர்களுக்கு அவரே கொடுத்திருப்பார்’ என்று விட்டுவிடும். ஆகவே இரு லீஃபுக்கும் சோர்ஸ் ஐபி வேறாகவும், மற்றவருக்குத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். இரு சுவிட்சுகள் ஒன்றுபோல நடிக்கும் பழைய எம்-லேக் முறையிலிருந்து மாறும்போது இரண்டு லீஃபுக்கும் பொதுவாக வைத்திருந்த விடெப் ஐபியை எடுக்க மறந்துவிடுவார்கள். சோர்ஸ் ஐபியை வைத்து ஆளை அடையாளம் காணும் இந்த முறையே அத்தோடு குலைந்துவிடும். அந்தப் பொது ஐபியை நீக்கி, லீஃபுக்கு ஒன்று என்று தனி லூப்பேக் ஐபி கொடுத்தால் திரும்பி வருவது நிற்கும்.